மலைக் குளிரில் சருமமும் கூந்தலும்: அட்டையின் பின்பக்கத்தைப் படித்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

உதகை மார்க்கெட்டிலும் கொடைக்கானல் ஏழு ரோட்டிலும் மருந்துக் கடையோ பேன்சி ஸ்டோரோ எதில் நுழைந்தாலும், க்ரீம், லோஷன், ஷாம்பு, சீரம், தைலம் என்று அலமாரி நிரம்பி வழிகிறது. ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் ஓர் இலை, ஒரு பூ, ஒரு பளபளப்பான முகம். முன்பக்கத்தில் எழுதுவது நிறுவனத்தின் விருப்பம். பின்பக்கத்தில் எழுதுவது சட்டத்தின் கட்டாயம். ஆகவே வாங்குபவர் படிக்க வேண்டியது பின்பக்கத்தையே.

மலையில் வசிப்பவர்களுக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டரிலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டரிலும் இருக்கின்றன. குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறைவு என்பதால், உறைபனி விழும் ஜனவரி தொடங்கி மார்ச் வரை தோலிலிருந்து ஈரம் விரைவாக வெளியேறுகிறது. கை, கால் சாம்பல் பூத்தது போல் வெளுக்கிறது, உதடும் குதிகாலும் வெடிக்கின்றன. மறுபுறம், உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிரின் வீரியம் ஏறத்தாழ 10 சதவீதம் அதிகரிக்கிறது. சென்னைவாசிகள் பாராட்டும் ஒரு பொருள் கோத்தகிரியில் பயனற்றுப் போவதற்கும், அவர்கள் பிசுபிசுக்கிறது என்று ஒதுக்கும் ஒன்று இங்கே சரியாகப் பொருந்துவதற்கும் இவையே காரணம். எந்த நிறுவனம் என்பதை விட, எந்த மூலப்பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு, வாழும் உயரத்துக்கும் நடக்கும் மாதத்துக்கும் ஏற்பத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை.

முதல் படி: பட்டியல் இருக்கிறதா என்று பார்த்தல்

இந்தியாவில் விற்கப்படும் ஒப்பனைப் பொருள்களுக்கு 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் பொருந்தும். உள்ளே 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு மூலப்பொருளையும், அதிகமானது முதலிலும் குறைவானது பின்னாலும் வருமாறு எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அவற்றுக்குப் பின்னால் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். இதோடு தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உற்பத்தி உரிம எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற கெடு ஆகியவையும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் தேவை. இவற்றில் எதுவுமே இல்லாத டப்பாவை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுவது நல்லது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த கெட்டிப் பொருளுக்கும் மூலப்பொருள் பட்டியல் கட்டாயமில்லை. எஸ்டேட் லைன் வீடுகளை ஒட்டிய பெட்டிக்கடைகளில் சரஞ்சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளும் சிறு க்ரீம் ட்யூப்களும் பெரும்பாலும் இந்த விலக்கின் கீழ் வருகின்றன. குறைந்த பணத்தில் வாங்குபவருக்குத்தான் குறைந்த தகவல் கிடைக்கிறது என்பது வருத்தத்துக்குரியது. டவுனுக்கு வரும்போது அதே பொருளின் பெரிய பாட்டிலைத் தேடி, பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது ஓரளவு உதவும்.

இரண்டாம் படி: 1 சதவீதக் கோட்டைக் கண்டறிதல்

தேயிலைக் கொழுந்தின் படம் போட்ட ஒரு க்ரீமை எடுத்துக்கொள்வோம். இத்தகைய க்ரீம்களின் பட்டியல் பெரும்பாலும் இப்படி ஓடும்: அக்வா, கிளிசரின், பாரஃபினம் லிக்விடம், செட்டியரில் ஆல்கஹால், கிளிசரைல் ஸ்டியரேட், டைமெத்திக்கோன், ஃபீனாக்ஸியெத்தனால், கமெல்லியா சினென்சிஸ் லீஃப் எக்ஸ்ட்ராக்ட், பர்ஃப்யூம், டைசோடியம் ஈடிடிஏ.

முதலில் வரும் அக்வா வெறும் தண்ணீர். க்ரீமின் பாதிக்கும் மேல் அதுவே. கிளிசரின் ஈரத்தை இழுப்பது. பாரஃபினம் லிக்விடம் என்பது மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்து எடுத்த எண்ணெய். செட்டியரில் ஆல்கஹால் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள். கிளிசரைல் ஸ்டியரேட் தண்ணீரும் எண்ணெயும் பிரியாமல் பிடித்து வைப்பது. டைமெத்திக்கோன் வழவழப்புக்கான சிலிக்கோன். ஏழாவதாக வரும் ஃபீனாக்ஸியெத்தனால் ஒரு பதப்பொருள், அதாவது பொருள் கெடாமல் காப்பது. அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதியில்லை. அதற்குப் பின்னால் எழுதப்பட்டவை எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டியிருக்க முடியாது. தாண்டியிருந்தால் அவை அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். கமெல்லியா சினென்சிஸ் என்று எழுதப்பட்ட தேயிலைச் சாறு அதற்குப் பின்னால்தான் நிற்கிறது. அட்டையில் முதலிடம் பெற்ற கொழுந்து, டப்பாவுக்குள் 1 சதவீதத்தைத் தாண்டவில்லை என்பது இவ்வாறு தெரிந்துவிடுகிறது. குன்னூர்த் தேயிலை மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்குக் கூடுதல் விலை கேட்பதில்தான் குறை.

ஃபீனாக்ஸியெத்தனால் இல்லாத பட்டியலில் மீத்தைல்பேராபென், பர்ஃப்யூம், ஈடிடிஏ, சாந்தன் கம், கார்போமர் ஆகியவற்றில் ஒன்று எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இவையும் பொதுவாக 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ சேர்க்கப்படுபவைதான். ஆனால் கடைசியில் வருவதெல்லாம் வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரெட்டினால், சோடியம் ஹையாலுரோனேட், செராமைடு போன்றவை சிறு அளவிலேயே வேலை செய்பவை. நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம் வரை இருந்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம். அது கோட்டுக்குக் கீழே இருந்தால் அலங்காரமே.

மூன்றாம் படி: ஈரப்பதக் க்ரீம்களின் மூன்று வேலைகள்

மலைவாசிகள் அதிகம் செலவழிப்பது இவற்றுக்கே என்பதால் இங்கே சற்று நிதானிக்கலாம். நல்ல ஈரப்பதக் க்ரீம் மூன்று வகைப் பொருள்களால் ஆனது.

முதல் வகை ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை: கிளிசரின், சோடியம் ஹையாலுரோனேட், யூரியா, சார்பிட்டால், புரோப்பிலீன் கிளைக்கால், சோடியம் லாக்டேட், கற்றாழைச் சாறு. காற்றில் ஈரம் தாராளமாக இருக்கும் சென்னையில் இவை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். வறண்ட மலைக்காற்றில் இவற்றுக்குக் காற்றிலிருந்து கிடைக்கும் ஈரம் குறைவு; தோலின் அடியிலிருந்து வரும் ஈரத்தை மேலே கொண்டுவந்து நிறுத்தும், அதன் மேல் மறைப்பு இல்லாவிட்டால் அந்த ஈரம் மூடியில்லாத பானைத் தண்ணீரைப் போல ஆவியாகிவிடும். ஜனவரி மாதத்தில் கற்றாழை ஜெல்லை மட்டும் பூசிக்கொண்டு முகம் இன்னும் இழுக்கிறது என்று குறைப்படுபவர்களுக்கு நேர்வது இதுவே.

இரண்டாம் வகை, உதிரும் தோல் செல்களுக்கு இடையிலான இடைவெளியை நிரப்பி வழவழப்பாக்குபவை. செட்டில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால், கேப்ரிலிக் கேப்ரிக் டிரைகிளிசரைடு, ஸ்குவாலேன், பாதாம் எண்ணெய், ஷியா பட்டர் ஆகியவை இதில் சேரும். பட்டியலில் ஆல்கஹால் என்ற பெயரைக் கண்டதும் பலர் பொருளைக் கீழே வைத்துவிடுகிறார்கள். செட்டில், ஸ்டியரில், செட்டியரில் என்று தொடங்குபவை கொழுப்பிலிருந்து வருபவை. அவை தோலை உலர்த்துவதில்லை. உலர்த்துவது ஆல்கஹால் டினாட், எத்தனால், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஆகியவையே. டோனர், ஜெல், சில வெயில் காப்புப் பூச்சுகள் ஆகியவற்றில் இவை முதல் நான்கைந்து இடங்களுக்குள் வந்தால், பனிக்காலத்தில் தவிர்ப்பது நல்லது. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் ஆகிய மூன்றும் தோலின் மேலடுக்கில் இயல்பாகவே இருப்பவை. சோப்பும் வெந்நீரும் அவற்றைக் கரைத்துக்கொண்டு போய்விடுகின்றன. பட்டியலில் செராமைடு என்பி, செராமைடு ஏபி என்று எழுத்துகளோடு வருபவை அவற்றை ஈடுசெய்யச் சேர்க்கப்படுபவை.

மூன்றாம் வகை மேலே மூடி ஈரத்தைக் காப்பவை. பெட்ரோலாட்டம், மினரல் ஆயில், டைமெத்திக்கோன், லானோலின், சீரா ஆல்பா என்று எழுதப்படும் தேன்மெழுகு ஆகியவை இதில் அடங்கும். ஈரம் வெளியேறுவதைத் தடுப்பதில் பெட்ரோலாட்டத்தை விஞ்சுவது அரிது. அதுவே விலை குறைந்ததும் ஆகும். பெட்ரோலியத்திலிருந்து வருவது என்ற ஒரே காரணத்துக்காக அதை வெறுப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை, ஏனெனில் மருந்துத் தரத்துக்குச் சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலாட்டத்தால் ஒவ்வாமை வருவது மிக மிகக் குறைவு. தேன்மெழுகைப் பொறுத்தவரை நீலகிரிக்குத் தனிச் சிறப்பு உண்டு: குறும்பர்கள் பாறை முகடுகளில் இறங்கி எடுக்கும் மலைத்தேனீ அடையிலிருந்து தேனுக்குப் பின் மிஞ்சுவது இம்மெழுகே, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை அவர்களோடு இணைந்து செயல்படுகிறது. தேன்மெழுகும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த உதட்டுப் பூச்சு எளிய, நல்ல மூடும் பொருள். தோடர் பெண்கள் எருமை வெண்ணெய் தடவிக் கூந்தலைச் சுருள் சுருளாகச் சுற்றிவிடும் வழக்கத்திலும் இதே வேலையைக் கொழுப்பு செய்கிறது.

ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை வாங்கும் க்ரீமின் முதல் ஆறு இடங்களுக்குள் கிளிசரினோடு பெட்ரோலாட்டம், மினரல் ஆயில், டைமெத்திக்கோன், ஷியா பட்டர் ஆகியவற்றில் ஒன்றேனும் இருக்க வேண்டும். குளித்துத் துவட்டிய சில நிமிடங்களுக்குள், தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். பித்தவெடிப்புக்கு 10 சதவீத யூரியா உள்ள க்ரீமை இரவில் தடவி, மேலே பெட்ரோலாட்டம் பூசிக் காலுறை அணிந்து படுக்கலாம். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் யூரியா எரியும், அப்போது பெட்ரோலாட்டம் மட்டும் போதும். மழையும் மூடுபனியும் சூழ்ந்த மாதங்களில் இவ்வளவு கனமான பூச்சு தேவையில்லை. எண்ணெய்ச் சருமமும் பருவும் உள்ளவர்கள் எக்காலத்திலும் தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர் ஆகியவற்றை முகத்துக்குத் தவிர்த்து, டைமெத்திக்கோன், ஸ்குவாலேன் உள்ளவற்றைத் தேடலாம்.

நான்காம் படி: சோப்பும் முகக் கழுவியும்

சோப்பு அட்டையில் சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் கோகோயேட் என்று கண்டால் அது பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் காரத்தோடு சேர்ந்து உருவான உண்மையான சோப்பு. சோடியம் டாலோவேட் என்றால் மாட்டுக் கொழுப்பு முதலான விலங்குக் கொழுப்பு. டிஎஃப்எம் என்று குறிக்கப்படும் மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவைக் கொண்டு இந்தியத் தர நிறுவனம் குளியல் சோப்பைத் தரம் பிரிக்கிறது: முதல் தரத்துக்கு 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. டிஎஃப்எம் குறைந்த சோப்பில் நிரப்பும் பொருள் கூடுதல். எனினும் முதல் தரச் சோப்பும் காரத்தன்மை உடையதே. அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு, 9 முதல் 10 வரை இருக்கும், தோலின் இயல்பான பிஎச் ஏறத்தாழ 5. விறகடுப்பிலோ கீசரிலோ கொதிக்கக் காய்ச்சிய நீரில் தினமும் உடல் முழுதும் சோப்புப் போடும் மலைப் பழக்கம், வறட்சிக்கு முதல் காரணம். பனிக்காலத்தில் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் சோப்புப் போட்டு, கை கால்களை வெறும் வெதுவெதுப்பான நீரில் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முகத்துக்கு சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட், டெசில் குளுக்கோசைடு, கோகமிடோப்ரோப்பைல் பீட்டைன் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டவை மென்மையானவை. சோடியம் லாரில் சல்ஃபேட் எரிச்சல் தருவதில் முன்னணியில் நிற்பது. தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்குவதற்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். சோடியம் லாரெத் சல்ஃபேட் அதைவிடச் சாந்தமானது. பெயர் ஓரிரு எழுத்தில் மாறினாலும் குணம் மாறுகிறது என்பதால் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: குளிரில் வெயில் காப்பு

குளிர் அடிப்பதால் வெயில் சுடவில்லை என்று நினைப்பது மலையில் சகஜம். சூடு தருவது அகச்சிவப்புக் கதிர். தோலைக் கருக்கி, மங்கு வரவழைத்து, முதுமைச் சுருக்கம் தருவது புற ஊதாக் கதிர். அதற்குச் சூடு இல்லை, மெல்லிய மேகத்தையும் பெருமளவு ஊடுருவிவிடும். கொழுந்து பறிப்பவர்கள், கேரட் தோட்டத்தில் குனிந்து வேலை செய்பவர்கள் ஆகியோரின் கன்னத்திலும் மூக்கிலும் காணப்படும் கரும்படலம் இந்தக் கதிரின் வேலை.

ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு ஆகியவை கனிம வடிகட்டிகள். குழந்தைகளுக்கும் எளிதில் எரியும் சருமத்துக்கும் ஏற்றவை, ஆனால் மாநிறத் தோலில் வெள்ளையாகத் தெரியும். அயர்ன் ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள வகை இக்குறையைத் தீர்ப்பதோடு, மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்தும் ஓரளவு காப்புத் தரும். அவோபென்சோன், ஆக்டோகிரைலீன், எத்தில்ஹெக்சில் மெத்தாக்ஸிசின்னமேட் முதலியவை கரிம வடிகட்டிகள். புற ஊதாக் கதிரில் யுவிபி, யுவிஏ என்று இரு வகை தோலை எட்டுகின்றன; எஸ்பிஎஃப் என்பது யுவிபி கதிருக்கான எண் மட்டுமே. யுவிஏ காப்புக்குப் பிஏ என்ற குறியும் கூட்டல் அடையாளங்களும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஸ்பிஎஃப் 30 போதும், அளவுதான் முக்கியம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வயலில் நாள் முழுவதும் நிற்பவருக்கு இது செலவு பிடிக்கும் காரியம். அவருக்கு அகன்ற விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் எந்த ட்யூபையும் விட மலிவான, உறுதியான காப்பு.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போவது கூடாது. அந்தச் சாற்றிலுள்ள ஃபுரானோகூமரின் என்ற பொருள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்தால் தோல் கொப்பளித்துக் கருத்துவிடும். ரெட்டினால், கிளைக்காலிக் அமிலம் ஆகியவை தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்குபவை. இவற்றை இரவில் மட்டும், வாரத்துக்கு இரண்டு முறையில் தொடங்கிப் பூச வேண்டும். கர்ப்பிணிகள் ரெட்டினாலை அறவே தவிர்க்க வேண்டும்.

ஆறாம் படி: கூந்தல்

எண்ணெயிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் இதில் மலையே ஓர் ஆய்வுக்கூடம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உறையும். உதகையில் ஆண்டின் பெரும்பகுதி அது பாட்டிலுக்குள் வெண்கட்டியாகவே கிடக்கும். வெயிலில் வைத்தோ வெந்நீரில் நிறுத்தியோதான் எடுக்க வேண்டியிருக்கும். இதை எரிச்சலாகக் கருதுபவர்களிடம், "அக்கா, இது ஒரிஜினல், எந்தக் குளிருக்கும் உறையாது" என்று வேறொரு பாட்டிலை நீட்டும் கடைக்காரர்கள் உண்டு. அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், முதல் இடத்தில் மினரல் ஆயில் அல்லது லைட் லிக்விட் பாரஃபின் இருப்பதைப் பல நேரம் காணலாம். தேங்காய் மணம் வீசும் எண்ணெய் ஜனவரியிலும் தண்ணீராக ஓடினால், அது முழுத் தேங்காய் எண்ணெய் அன்று. மினரல் ஆயில் தீங்கானதல்ல. முடியின் மேல் படிந்து பளபளப்பைத் தரும். ஆனால் தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது; மினரல் ஆயிலால் அது இயலாது. எண்ணெயை உச்சந்தலையில் தேக்கி வைக்காமல் முடியின் நீளத்தில், தலைக்குக் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு தடவுவதே பயன் தரும்.

ஷாம்புவில் நுரைக்காக லாரெத் சல்ஃபேட்டும், அதன் கடுமையைத் தணிக்கக் கோகமிடோப்ரோப்பைல் பீட்டைனும், கெட்டியாக்கச் சோடியம் குளோரைடும் இருக்கும். கடைசியாகச் சொன்னது வெறும் உப்பு. சிக்கு விழாமல் இருக்கப் பாலிகுவாட்டர்னியம், குவார் ஹைட்ராக்ஸிப்ரோப்பில்டிரைமோனியம் குளோரைடு, டைமெத்திக்கோனால் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. சல்ஃபேட் இல்லாத ஷாம்பு சாயம் பூசிய முடிக்கும் வறண்ட முடிக்கும் நல்லது. தினமும் எண்ணெய் வைப்பவருக்கு அது போதாது, எண்ணெய் முழுதாகப் போகாது. இருளரும் குறும்பரும் காட்டில் சேகரித்துத் தரும் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் சாபோனின் என்ற இயற்கை நுரைப்பொருளால் அழுக்கை நீக்குபவை. சீயக்காய்க் கரைசல் சோப்பைப் போலக் காரமானதன்று என்பது அதன் பெரிய பலம். பாக்கெட்டில் சீயக்காய் என்று எழுதி, பட்டியலில் முதலில் லாரெத் சல்ஃபேட்டும் கடைசியில் அகேசியா கான்சின்னாவும் இருந்தால், அது சீயக்காய்ப் பெயர் கொண்ட சாதாரண ஷாம்பு.

பொடுகு வறட்சியால் வருவது என்று எண்ணி எண்ணெயை ஊற்றுவது பரவலான வழக்கம். உண்மையான பொடுகுக்குக் காரணம் மலசீசியா என்ற பூஞ்சை. அது தலையிலுள்ள எண்ணெயை உண்டு வளர்வது. ஆகவே தேட வேண்டியவை கீட்டோகோனசோல், பிரோக்டோன் ஒலமைன், செலினியம் சல்ஃபைடு, ஜிங்க் பைரித்தியோன் ஆகியவை. கடைசியாகச் சொன்னதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் ஒப்பனைப் பொருள்களில் தடை செய்துள்ளது. இங்கே இன்னும் பரவலாகக் கிடைக்கிறது. எதுவாயினும் நுரையைத் தலையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் நிற்கவிட வேண்டும். குளிருக்குப் பயந்து உடனே அலசிவிட்டால் மருந்து சாக்கடையோடு போய்விடும். ஈரத்தலையோடு குல்லாய் அணிவதும் பூஞ்சைக்கு உகந்தது.

சாயத்தில் ஒரே ஒரு பெயரைத் தேடுங்கள்: பாராஃபீனைலீன்டையமின், சுருக்கமாகப் பிபிடி. கடுமையான ஒவ்வாமை தருவது இது. மருதாணி ஆரஞ்சும் சிவப்பும்தான் தரும். கருமருதாணி என்று விற்கப்படும் தூளில் கருமை வருவது பெரும்பாலும் இதனால்தான். ஒவ்வொரு முறையும் சாயமிடுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்க்க வேண்டும், பல ஆண்டுகளாகப் போடுபவர்களும் கூட. முடியை நேராக்கும் கெரட்டின் சிகிச்சைத் திரவங்கள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடோ மெத்திலீன் கிளைக்காலோ இருக்கும். சூடான இரும்பு பட்டதும் நச்சு வாயு வெளிவரும். சமவெளியில் மின்விசிறியும் திறந்த கதவும் அதைக் கலைத்துவிடக்கூடும். குளிருக்காக ஜன்னல்களைச் சாத்தி வைக்கும் நம் பார்லர்களில் அந்த வாயு வாடிக்கையாளரை விட, அங்கே நாள் முழுதும் வேலை பார்க்கும் பெண்ணின் நுரையீரலுக்கே அதிகம் போகிறது.

ஏழாம் படி: பதப்பொருளும் மணமும்

தண்ணீர் கலந்த எந்தப் பொருளுக்கும் பதப்பொருள் தேவை. ஆடி மாதத்தில் செருப்பிலும் பெல்ட்டிலும் பூஞ்சை பூக்கும் ஊரில், பதப்பொருள் இல்லாத வீட்டுத் தயாரிப்புக் கற்றாழை க்ரீமைக் குளியலறையில் வைத்துத் தொடர்ந்து விரலால் எடுப்பது ஆபத்தானது. எண்ணெயும் மெழுகும் மட்டுமுள்ள தைலக்களிம்புகளுக்கு அது தேவையில்லை.

பேராபென் பற்றிய அச்சம் அளவுக்கு மீறியது. ஐரோப்பாவில் சில வகைகள் 2014-இல் தடை செய்யப்பட்டன. மீத்தைல்பேராபென், எத்தில்பேராபென் ஆகியவை அளவோடு இன்றும் அனுமதிக்கப்படுகின்றன, ஒவ்வாமை தருவதில் அவை மிகவும் பின்தங்கியவை. பேராபென் இல்லை என்று பெருமையாக எழுதிய சில பொருள்களில் அதற்குப் பதிலாக மீத்தைல்ஐசோதையசோலினோன் சேர்க்கப்பட்டது. அதுவே பலருக்குத் தடிப்பைக் கொண்டுவந்தது, அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதைத்தான் அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே தங்கும் க்ரீமில் அதைக் கண்டால் தவிருங்கள். டிஎம்டிஎம் ஹைடான்டாயின், டையசோலிடினில் யூரியா, குவாட்டர்னியம்-15 ஆகியவை சிறிது சிறிதாக ஃபார்மால்டிஹைடை வெளியிடுபவை. ஒவ்வாமை உள்ளவர்கள் இவற்றையும் விலக்க வேண்டும்.

பர்ஃப்யூம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல டஜன் பொருள்கள் ஒளிந்திருக்கலாம். லினலூல், லிமொனீன், சிட்ரொனெல்லால், ஜெரானியால், யூஜினால் ஆகியவை தனியே எழுதப்பட்டிருந்தால் அது நேர்மையின் அடையாளம். இவை இயற்கைத் தைலங்களிலும் இருக்கின்றன. ஜெரேனியம் தைலத்தில் சிட்ரொனெல்லாலும் ஜெரானியாலும், லெமன்கிராஸில் சிட்ராலும் மிகுதி. இயற்கை மணம் என்பதால் ஒவ்வாமை வராது என்று சொல்ல முடியாது.

தைலக் கடைகளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். நீலகிரித் தைலம் என்று விற்கப்படும் யூகலிப்டஸ் எண்ணெயின் முதன்மைப் பொருள் சினியோல். அதை நேரடியாக முகத்திலோ தலையிலோ தேய்க்காமல், தேங்காய் எண்ணெயில் சில துளிகள் கலந்தே பயன்படுத்த வேண்டும். கைக்குழந்தையின் மூக்கருகில் அதைத் தடவவே கூடாது. மூச்சுத் திணறல் வரக்கூடும். விண்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட். அது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி விழுங்கினால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் முதியவர்கள் மூட்டு வலிக்கு இதைத் தாராளமாகத் தேய்த்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். சுற்றுலா நினைவாக வாங்கிப்போகும் அந்தச் சிறு பாட்டிலைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எட்டாம் படி: திரும்ப வைத்துவிட வேண்டியவை

ஒரே வாரத்தில் வெளுப்பாக்கும் என்று வாக்களிக்கும் க்ரீம்களில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று பாதரசம். கேலமல், மெர்க்யூரஸ் குளோரைடு, மெர்க்யூரிக் அயோடைடு, அம்மோனியேட்டட் மெர்க்யூரி என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் தொடவே வேண்டாம். பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள். உரிம எண்ணும் முகவரியும் இல்லாத, அந்நிய மொழி அட்டை போட்ட, வெள்ளி, தங்க நகைகளில் படக் கூடாது என்று எச்சரிக்கும் க்ரீமில் அதைச் சந்தேகிக்க வேண்டும். இந்திய விதிப்படி கண்ணைச் சுற்றிப் பயன்படுத்துபவை தவிர்ந்த பொருள்களில், தற்செயலாகக் கலந்த பாதரசமும் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசம் என்ன செய்யும் என்று கொடைக்கானலுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்த பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்ட பிறகும் அதன் பாதரச மாசு பற்றிய பேச்சு ஓயவில்லை. கூடலூரிலிருந்து நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் வரும் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், வெண்மைக் க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 2023-இல் பதிவு செய்தனர். கூடலூர்க் கடைகளுக்கும் அதே சந்தைதான்.

இரண்டாவது ஸ்டீராய்டு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர் ட்யூபில் இருந்தால் அது ஒப்பனைப் பொருளன்று, மருந்து. மொமெட்டசோனை ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகியவற்றோடு சேர்த்த கலவை மங்குக்காக மருத்துவர் குறுகிய காலத்துக்கு எழுதித் தருவது. 2018 முதல் இத்தகைய பூச்சுகள் மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்கப்பட வேண்டியவை. மாதக்கணக்கில் பூசினால் முதலில் முகம் பளிச்சென்று ஆகும்; பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் ரோமமும் கிளம்பி, வெயில் பட்டாலே எரியும். ஏற்கெனவே நீண்ட நாள் பூசியவர்கள் திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விட வேண்டும்.

ஒன்பதாம் படி: பூசிப் பார்த்தல், காலக்கெடு

புதிய க்ரீமை உள்முழங்கையில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் தினம் இருமுறை, ஏழு முதல் பத்து நாட்கள் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். யூரியா, லாக்டிக் அமிலம் ஆகியவை சில நிமிடம் சுறுசுறுவென்று எரிவது இயல்பு. சிவந்து, தடித்து, அரிப்பு மறுநாளும் நீடித்தால் அது ஒவ்வாமை. ஒரே சமயத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்கினால் குற்றவாளி எதுவென்று தெரியாமல் போகும்.

திறந்த டப்பாவின் படத்துக்குள் 6 எம், 12 எம் என்று எழுதியிருப்பது, திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. திறந்த தேதியை மூடியில் எழுதி வையுங்கள். வைட்டமின் சி சீரம் தேன் நிறத்திலிருந்து பழுப்பாக மாறினால் கெட்டுவிட்டது. நீர் பிரிந்து நிற்கும் வெயில் காப்புப் பூச்சு இனிக் காக்காது.

தடிப்பு வந்தால் எல்லாப் பூச்சுகளையும் நிறுத்திவிட்டு, பெட்ரோலாட்டம் மட்டும் தடவி, இரண்டு நாளில் அடங்காவிட்டால் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லுங்கள். கண் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறிய மருத்துவருக்கு மூலப்பொருள் பட்டியல் தேவைப்படும். பல பொருள்களுக்குப் பட்டியல் வெளி அட்டையில் மட்டுமே இருக்கும் என்பதால், வாங்கி வந்த அன்றே அட்டையை வெந்நீர் அடுப்பில் போட்டுவிடாமல், டப்பா தீரும் வரை பத்திரப்படுத்தி, மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.